ஆழம் குறைந்த முனையில் நிற்பவள்

லாசரஸ் நாள்தோறும் விடியற்காலையில் நீச்சல் குளத்தில் இறங்குவார். அஸ்தினாபுரத்தில் அவர் குடியிருந்த அடுக்ககத்துக்குப் பால் பாக்கெட்டுகள் வந்து சேர்வதற்கு முன்பே, தோளில் துண்டுடன் கீழே வந்து கம்பிக் கதவின் பூட்டைத் திறப்பார். குளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்ப்பார். ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார். அதன் பிறகே இறங்குவார். பணிக்காலம் முழுவதையும் அரசாங்கக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கழித்தவர் அவர். "மனுஷன் ரிட்டயர் ஆயிட்டாரு, நாக்கு இன்னும் ஆகல" என்று அவருடைய மனைவி தபீதாள் கேலி செய்வார்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவரே. நீச்சல் உடையின்றி இறங்கக் கூடாது, வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று பலகை எழுதி மாட்டியவரும் அவரே. தண்ணீரைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அந்த வளாகத்தில் மறுபேச்சு கிடையாது.

அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்த செல்லம்மா, ஒரு மாலையில் தன் மகள் கிறிஸ்டினாவையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். கிறிஸ்டினா குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண்.

"சார், ஒரு உதவி கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"கிறிஸ்டினா ஞானஸ்நானம் எடுக்கப் போவுது சார். எங்க சபையில எல்லாரையும் கோவளத்துக்குத்தான் இட்டுனு போவாங்க. இவளுக்கு அலைன்னாலே ஆவாது. சின்ன வயசுல ஒருதபா கடல்ல வாரிக்கினு போவப் பாத்துச்சு, அத்தோட சரி. நம்ம குளம் கம்முன்னு கீதே, காலைல கொஞ்ச நேரம் குடுத்தீங்கன்னா..."

"சத்தமா பாட மாட்டோம் அங்கிள்" என்றாள் கிறிஸ்டினா சிரித்துக்கொண்டே. "எங்க அம்மாவ மட்டும் கண்ட்ரோல் பண்ணணும். அதான் கஷ்டம்."

"இவ வாயப் பாரு சார்! முழுக்கு எடுக்கப் போற பொண்ணு பேசுற பேச்சா இது?"

லாசரஸும் சிரித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நிலைத்தது. செய்தி எப்படியோ வெளியே கசிந்து, வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் முணுமுணுப்புக் கிளம்பியது. நாலாம் மாடியில் குடியிருந்த கல்லூரி விரிவுரையாளர் ஜோசலின், "காஸ்ட்யூம் இல்லாமல் எங்கள் பிள்ளைகளை விட மாட்டீர்கள், புடவையும் பாவாடையுமாக ஒரு கூட்டமே இறங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், லாசரஸுக்கே மனதில் ஒரு நெருடல் இருந்தது. அவர் பழைய சபையைச் சேர்ந்தவர். அதன் நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியில் இருப்பவர். கைக்குழந்தையாக இருந்தபோதே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவருக்கு, வளர்ந்தவர்களை முழுவதுமாக அமிழ்த்தி எடுப்பதும் கைதட்டிப் பாடுவதும் சற்று மட்டமாகவே தோன்றின. ஆனால் இவற்றில் எதையும் செல்லம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. எனவே தம்மை எவரும் சந்தேகிக்க முடியாத ஒரு காரணத்தைச் சொன்னார்.

"தண்ணியில மருந்து அதிகமாயிடுச்சும்மா. உடம்புக்கு ஆகாது. இப்போ யாரும் இறங்கக் கூடாது."

"ஐயையோ. எப்ப சார் சரியாவும்?"

"ஒரு வாரம் பொறுத்துப் பாக்கலாம். அப்பவும் நிச்சயமாச் சொல்ல முடியாது."

செல்லம்மா தலையாட்டினாள். சபையில் வேறு சிலரும் அந்த ஞாயிறன்றே ஞானஸ்நானம் பெற இருந்தனர். அவர்களுக்காகக் கோவளத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. தனியாகப் பின்தங்க வேண்டாம் என்று கிறிஸ்டினாவும் அதில் ஏறிக்கொண்டாள்.

கடல் அன்று அமைதியாகத்தான் இருந்ததாம். பாஸ்டர் அன்பு இடுப்பளவு நீரில் நின்று கை நீட்டினார். கிறிஸ்டினா இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, வெள்ளை உடையில், மெல்ல நடந்து சென்றாள். அவருடைய கை அவள் தலையைத் தொடுவதற்குள் ஓர் அலை எழுந்தது. அது வடிந்தபோது அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பிற்பகலில் மீனவர்கள் அவளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அவள் கடலுக்குள் நடந்த அதே வேளையில், மருந்து மிகுந்துபோனதாகச் சொல்லப்பட்ட குளத்தில் லாசரஸ் நீந்திக்கொண்டிருந்தார்.

மிருகங்கள் பேசும் கதைகளில், பொய் சொன்ன நரிக்குக் கதை முடிவதற்குள்ளேயே தண்டனை கிடைத்துவிடும். கேட்கும் பிள்ளைகளும் கைதட்டிவிட்டு எழுந்துபோவார்கள். மனிதர்களின் கதை அவ்வளவு விரைவாக நடப்பதில்லை. லாசரஸ் அடக்கத்துக்குச் சென்றார். மலர் வளையம் வைத்தார். 'நானா அலையை அனுப்பினேன்?' என்று தமக்குள் கேட்டுக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலக் குளத்துக்கு வந்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, நாக்கு நுனியில் வைத்தார்.

உப்புக் கரித்தது.

துப்பிவிட்டு மறுபடியும் அள்ளினார். சந்தேகமே இல்லை, கடல் நீரின் கரிப்பு. பரிசோதனைக் குப்பிகளை எடுத்துவந்து பார்த்தார். எல்லா அளவுகளும் சரியாகவே இருந்தன. குளத்தைச் சுத்தம் செய்ய வரும் ஜெஃப்ரியைக் கூப்பிட்டு வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"எப்பவும் போலத்தான் சார் கீது. ஏன்?"

"உப்பா இல்லையா?"

"உப்பா? இன்னா சார், காலங்காத்தால கலாய்க்கிறீங்களா?"

அதற்கடுத்த நாட்களில், ஆழம் குறைந்த முனையில், படிக்கட்டுக்குக் கீழே, பொடி மணல் படியத் தொடங்கியது. ஜெஃப்ரி அதை உறிஞ்சியெடுத்தான். மறுநாளும் மணல் இருந்தது. கட்டட வேலை எங்கும் நடக்கவில்லை. லாசரஸ் அந்த மணலில் கொஞ்சம் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். அதில் நொறுங்கிய கிளிஞ்சல் மின்னியது.

அவர் நீந்துவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சினார். ஆனால் ஆழம் குறைந்த முனையை நெருங்கும்போதெல்லாம் ஓரிடத்தில் தண்ணீர் சில்லென்றிருந்தது. சுற்றிலும் கோடைக்காலத்து வெதுவெதுப்பு; அந்த இடத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்குக் குளிர். ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் எழுப்பிய சிற்றலைகள் சுவரை நோக்கிச் சென்றன. செல்லும் வழியில் ஓரிடத்தில் அவை இரண்டாகப் பிளந்து, ஒன்றுமில்லாத வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு, அப்பால் ஒன்றுசேர்ந்தன. நீரில் அசையாமல் நிற்பவரைச் சுற்றி அலை அப்படித்தான் போகும். அவர் பின்னோக்கி விலக முயன்றபோது, நீட்டிய கை ஈரத் துணியில் பட்டது. துணிக்குள்ளே, மார்பின் மேல் குறுக்காக வைத்த இரு கைகள் இருந்தன.

கரையேறியபோது அவருடைய பற்கள் கிட்டித்துப் போயிருந்தன. இது தம் மனச்சாட்சியின் விளையாட்டு என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். அந்த ஆறுதலும் அன்று மாலையே போயிற்று. மின்தூக்கியில் ஏறிய ஜோசலின் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"அங்கிள், ரூல்ஸ் எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?"

"ஏம்மா?"

"குளத்துல படிக்கட்டு பக்கத்துல ஒரு பொண்ணு வெள்ளை டிரஸ்ஸோட நிக்கறா. காஸ்ட்யூமும் இல்ல, நீந்தவும் இல்ல. 'யாரும்மா நீ, எந்த ஃபிளாட்?'னு கேட்டேன். 'பொறுத்திருக்கச் சொன்னாங்க'ங்கறா. யாரு அங்கிள் சொன்னது?"

லாசரஸ் தம் தளம் வருவதற்கு முன்பே வெளியேறிப் படிகளில் நடந்து ஏறினார்.

குளத்தை வற்றவைக்கும்படி மறுநாளே உத்தரவிட்டார். தண்ணீர் முழுவதும் வெளியேறியது. நீல ஓடுகள் பதித்த தளம் வெயிலில் காய்ந்து வெளிறியது. நண்பகலில் அவர் வெறும் குளத்துக்குள் இறங்கிப் பார்த்தார். எங்கும் பொட்டு ஈரமில்லை, படிக்கட்டின் கீழ் ஓரிடத்தைத் தவிர. அங்கே இரண்டு பாதங்களின் சுவடுகள், அருகருகே, ஈரமாக இருந்தன. விரல்கள் கம்பிக் கதவை நோக்கியிருந்தன. வெயில் அவற்றின் மேல் நேராக விழுந்தும் அவை காயவில்லை. கைக்குட்டையால் துடைத்தார், துடைக்கத் துடைக்க ஈரம் ஊறி வந்தது. கைக்குட்டையில் உப்பு பூத்தது.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது செல்லம்மா சமையலறையில் இருந்தாள். துக்கம் கழிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் தபீதாளிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

"சபையில கூட என் மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்றதில்லம்மா. பின்னால பேசுறாங்க. கடைசி வரிசையில குந்திக்கினு, 'பயப்படற புள்ளைய இழுத்துக்கினு போய்க் கடல்ல வுட்டுட்டா. இன்னா அவசரம் இவளுக்கு'ன்னு."

"அப்படியெல்லாம் பேசுறவங்க பேச்சைக் கேக்காதே, செல்லம்மா."

"அவங்க சொல்றதுல இன்னா தப்புமா? சாரு சொன்னாரு இல்ல, ஒரு வாரம் பொறுன்னு? அவ்ளோ பெரிய ஆபீசரு, தண்ணி கெட்டுப் போச்சு, பொறுன்னு நல்லதத்தான் சொன்னாரு. நாந்தான் பொறுக்கல. பெத்த புள்ளைய நானே கொண்ணுட்டேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "இப்பல்லாம் தண்ணியத் தலைல ஊத்திக்கவே கை வர்ல."

அலையை அவர் அனுப்பவில்லை, அது மெய். ஆனால் பிள்ளையைக் கொன்றவள் என்னும் பெயரை இந்தத் தாய் சுமப்பது அவருடைய சொல்லால்தான். அவர் வாய் திறக்காதவரை அதை அவள் இறக்கிவைக்கப் போவதில்லை. கூடத்தில் நின்றபடியே இது அவருக்கு விளங்கிற்று.

செல்லம்மா போன பிறகு அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தபீதாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தண்ணி நல்லாத்தான் இருந்ததா?"

"நல்லாத்தான் இருந்தது."

"இத எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

"அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடட்டுமா?"

"தனியாவா? அவளைப் பத்திப் பேசுறவங்க தனியாவா பேசுறாங்க?"

செல்லம்மாவின் சபை, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பேட்டரிக் கடைக்கு மேலே இருந்தது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு டிரம் செட். ஞாயிற்றுக்கிழமை லாசரஸ் தம் சொந்த ஆலயத்துக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை அணிந்து, அந்தக் குறுகலான படிகளில் ஏறினார். அவரைக் கண்டதும் செல்லம்மா பதறி எழுந்தாள்.

"இன்னா சார் இங்க? வூட்ல அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு..."

"அதெல்லாம் இல்லம்மா. நீ உக்காரு."

ஆராதனையின் நடுவே அங்கே ஒரு வழக்கம் உண்டு. தாம் பெற்ற நன்மையைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர் எழுந்து சொல்லலாம். ஒருவர் வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு பெண் காய்ச்சல் நீங்கியதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழுந்தது. பின்னர் லாசரஸ் எழுந்து நின்றார். பாஸ்டர் அன்பு வியப்புடன் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"கிறிஸ்டினா எங்க குளத்துல ஞானஸ்நானம் எடுக்கறதா இருந்தது. நான்தான் சரின்னு சொன்னேன். அப்புறம் தண்ணி கெட்டுப் போச்சுன்னு செல்லம்மாகிட்ட சொன்னேன். தண்ணி கெடல. அது பொய். உங்களை உள்ள விடறதுக்கு எனக்கு மனசு வரல. அதை நேராச் சொல்லவும் தைரியம் இல்ல. செல்லம்மா அவசரப்படல. அந்தப் பொண்ணுக்கு அலை வேண்டாம்னுதான் அவ எங்கிட்ட வந்து கேட்டா. கடலுக்கு அனுப்பினது நான்."

பழக்கத்தினால் யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, உடனே நிறுத்திக்கொண்டார். செல்லம்மா முன்வரிசையில் அமர்ந்தபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"அன்னிக்கு காலைல நீங்க அதுல நீஞ்சினீங்களா சார்?"

"நீஞ்சினேன்."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அருகிலிருந்த பெண் அணைக்க வந்தபோது அவளைத் தள்ளிவிட்டு எழுந்தாள். லாசரஸின் முன் வந்து நின்றாள். அவள் அறைவாள் என்று அவர் எண்ணினார். அறையட்டும் என்று கண்ணாடியைக் கழற்றினார். அவள் அவரைத் தொடவில்லை. அவருக்கு அப்பால், அறையின் கோடியில் தலை குனிந்து அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"மறுபடி சொல்லுங்க சார்" என்றாள். "கடைசி வரிசைக்குக் கேக்கல."

லாசரஸ் அவர்கள் பக்கம் திரும்பினார். பாஸ்டரிடமிருந்து ஒலிவாங்கியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல் மறுபடியும் சொன்னார்.