உதடு ஒட்டுகிற சொல்

ரயிலடிக் காட்சியை வெட்டிவிடலாம் என்று மணிமாறன் தொலைபேசியில் சொன்னது ஒரு திங்கட்கிழமை. என் கணவர் புகழேந்தி இறந்து அன்றைக்கு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை. அதே வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் படத்தை முடித்து அனுப்ப வேண்டும்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் அந்த நாலு நிமிஷத்துக்கு எவ்ளோ உழைச்சாருன்னு எனக்குத் தெரியும். ஆனா அது ஜோக்காவே இல்லையே. பார்க்கிறவங்க ரிமோட்டைத் தேடுவாங்க."

"சத்தம் வந்தா சிரிப்பாங்க தம்பி."

"அந்தச் சத்தம்தானே இல்ல? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. வரலைன்னா, அம்புஜம் ரயிலை விட்டு இறங்குறா, கட் பண்ணா மாட்டு வண்டியில போறா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

மணிமாறன் கெட்டவர் அல்ல. பழைய தமிழ் நகைச்சுவைப் படங்களைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, வீட்டில் வைத்துப் பார்க்கும் ப்ளூ-ரே தட்டுகளாக வெளியிடும் சின்ன நிறுவனம் ஒன்றின் பொறுப்பாளர். சென்னையில் பிலிமை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் அனுப்புவார்கள். விழுப்புரத்தில், பாண்டி ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டு மாடி அறையில் மற்ற வேலை நடக்கும். படம் என் கணவருக்கு, ஒலி எனக்கு. அவர் முதலில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். பிறகு கல்யாண வீடியோ எடிட்டிங். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வந்த மாமாக்களின் முழங்கையை அழித்து அழித்துப் பழகிய கை அது. பழைய படத்தின் கீறல் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. நான் நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் புத்தகப் பட்டியல் எழுதி ஓய்வு பெற்றவள். காது கூர்மை என்று சொல்லி ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டவர் அவர்தான். மூன்று படங்களை முடித்துக் கொடுத்தோம். இது நாலாவது.

'அம்புஜம் ஓடிவிட்டாள்' எங்கள் அம்மாக்கள் பாவாடை தாவணியில் இருந்த காலத்துப் படம். எல்லாரும் மூச்சு விடாமல் பேசுவார்கள், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கமாட்டார்கள், கதவுகள் திறந்து திறந்து மூடும். பட்டணத்துப் பணக்காரர் மகள் அம்புஜம், முகூர்த்த நேரத்தில் வேலைக்காரியின் சேலையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள். எதிர் இருக்கையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் இருவருக்கும் ஏழு சண்டை. திண்டிவனம் ரயிலடியில் அப்பா அனுப்பிய ஆட்கள் இருவர் வழிமறிக்கிறார்கள், ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. அம்புஜத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார்கள். அம்புஜம் பதில் சொல்கிறாள். நெட்டை அவளைக் கும்பிட்டு வழிவிடுகிறார். வாத்தியார் மயங்கி விழுகிறார். அவ்வளவுதான் காட்சி.

கிடைத்தது ஒரே ஒரு பிரதி. அந்த இடத்தில் பிலிமின் ஓரத்து ஒலிப்பட்டையைப் பூஞ்சை தின்றிருந்தது. அம்புஜம் வாய் திறக்கும் கட்டத்தில் தொடங்கி நாற்பது விநாடிக்கு அடைமழை போன்ற இரைச்சல் மட்டுமே. படத்திலும் பூஞ்சை. நாலு நிமிடத்துக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது கட்டங்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. கடைசியில் அம்புஜத்தின் மூக்குத்திக் கல் மின்னுவதுகூடத் தெரிந்தது.

"இந்த சீன்ல ஒரு சிரிப்பு ஒளிஞ்சிக்கினு இருக்குது செல்வி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "படத்தை நான் தொடைச்சிட்டேன். சிரிப்பை நீ புடிச்சிக் குடு."

என்னிடம் ஒரு காகிதம் இருந்தது. படம் எடுத்த காலத்தில் தணிக்கைக்காகச் சென்னையில் தட்டச்சு செய்த வசனப் பிரதி. அதில் அம்புஜத்தின் பதில் ஒரே சொல்: வேர்க்கடலை. எனவே அந்த இரைச்சலுக்குள் நான் வேர்க்கடலையைத் தேடினேன். வடிகட்டினேன், பிரித்தேன், மறுபடி வடிகட்டினேன். கடைசியில் "லை" வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மணிமாறன் ஒரு குரல் கலைஞரை வைத்துச் சொல்ல வைத்தார். குரல் நன்றாக இருந்தது, வாயோடு ஒட்டவில்லை. சொன்ன பிறகும் சிரிப்பு வரவில்லை. வேர்க்கடலை என்று சொன்னதற்கு ஏன் கும்பிட வேண்டும், ஏன் மயங்கி விழ வேண்டும்?

ஆனாலும் காகிதத்தை நான் சந்தேகப்படவில்லை. அச்சில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று முப்பத்தொரு வருஷம் நம்பிப் பழகியவள்.

புதன்கிழமை காலை பூசைக்காக அண்ணி வந்தார். சவுரியம்மாள், என் கணவருடைய அக்கா. திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் மில்லில் முப்பது வருஷமாக வேலை, இன்னும் போகிறார். வீட்டில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பார். கரண்ட் மிச்சம் பிடிக்கிறாள் என்று தம்பி கேலி செய்வார்.

மாடி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தம்பியின் நாற்காலியைப் பார்த்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நாற்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் சத்தமே கிடையாது. திடீரென்று அண்ணி கெக்கெக்கே என்று சிரித்தார். ஹெட்போனுக்குள்ளும் கேட்டது. கழற்றினேன்.

"இன்னா அண்ணி?"

"கெட்டிக்காரி இவ. தப்பிச்சிட்டா பாரு."

"யாரு?"

"இந்தப் பொண்ணுதான். அந்த நெட்டக்காலன் பொட்டலத்தைக் காட்டி இது இன்னாங்கறான். இவ மல்லாட்டைங்கறா. பட்டணத்துக்காரியா இருந்தா வேர்க்கடலைன்னுதான சொல்லுவா, இது வாயில வருமா? அவன் 'அட, நம்ம ஊருப் பொண்ணு, வுடுடா'ங்கறான். இவன் பொத்துன்னு வுழுவுறான்."

நான் நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பினேன்.

"அண்ணி, சத்தமே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் எதுக்கு? மில்லுல மெஷின் ஓடும்போது பக்கத்துல குண்டு போட்டாலும் கேக்காது. முப்பது வருசமா வாயைப் பாத்துத்தான் பேசிக்கினு இருக்கோம். யாரு மாமியாரைத் திட்டறா, யாரு மேஸ்திரியைத் திட்டறா, எல்லாம் வாயிலயே தெரிஞ்சிடும்."

"பேப்பர்ல வேர்க்கடலைன்னு இருக்கு."

"பேப்பர் கெடக்குது. வேர்க்கடலைன்னு சொல்லிப் பாரு. உதடு ஒட்டுதா?"

சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"மல்லாட்டை சொல்லு."

முதல் எழுத்திலேயே ஒட்டியது.

"அவ வாயைப் பாரு. மூடித்தான் தொறக்கறா. உங்க ஊட்டுக்காரன் இத்தினி சுத்தமாத் தொடைச்சி வெச்சிருக்கான், இதுகூடத் தெரியலைன்னா உனக்குக் கண்ணாடி பவர் மாத்தணும்."

வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர், தினமும் நான் சொல்கிற சொல் அது. கடைக்குப் போனால் மல்லாட்டை, சட்னிக்கு மல்லாட்டை, மல்லாட்டை எண்ணெய். சென்னையில் தட்டச்சு செய்தவர் தெரியாத சொல்லைத் திருத்திவிட்டார். எழுபது வருஷம் கழித்து, அந்தச் சொல்லைத் தெரிந்த நான் அவருடைய திருத்தத்தை நம்பிவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்ததில் என்னுடைய தவறும் தெரிந்தது. இரைச்சலைக் குறைக்கும்போது முதலில் 'கிளிக்' நீக்கும் கருவியை ஓட்டுவோம். பிலிமின் கீறல் ஒலிப்பட்டையில் டப், டப் என்று கேட்கும். கூர்மையாக எது வந்தாலும் அது பழுது என்று அந்தக் கருவி அழித்துவிடும். மல்லாட்டையின் முடிவில் இருக்கிற "ட்டை" அப்படித்தான் கேட்கும், சின்னதாக ஒரு தட்டு. பழுது என்று நினைத்து நானே அதைத் துடைத்து எறிந்திருக்கிறேன்.

மூல ஒலியைத் திரும்ப எடுத்தேன். அந்த ஒரு விநாடிக்கு மட்டும் கருவியை நிறுத்தினேன். மழையின் இரைச்சலுக்கு அடியில் மெல்லிய ஒரு முனகல் இருந்தது, வாயை மூடிக்கொண்டு முனகுவது போல. முன்பு அதை மின்சார ரீங்காரம் என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது அதற்கு ஒரு பெயர் இருந்தது: ம். அதைத் தூக்கிக் கொண்டுவந்தேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் காது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நடுவே "ல்லா" வந்தது. பிறகு அந்தத் தட்டு. கதாநாயகியின் சொந்தக் குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற, திமிரான, இழுப்பான குரல்: "மல்லாட்டே!"

"டை"கூட இல்லை, "டே". அசல் எங்கள் பக்கத்து உச்சரிப்பு. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அந்த அம்மாள் ஏதோ ஒரு ரயிலடியில் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

அதன் பின்னே வந்த நெட்டையின் வரியையும் குட்டையின் முணுமுணுப்பையும் அண்ணி வாயைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தேன். குட்டையின் ஒரு வரியை மட்டும் அண்ணி சொல்ல மறுத்தார்.

"அது கெட்ட வார்த்தை. பூசை முடிஞ்சப்புறம் சொல்றேன்."

வியாழக்கிழமை மாலை நாற்பது விநாடியும் முடிந்தது. மணிமாறனுக்கு அனுப்பினேன். பத்தாவது நிமிடம் அழைத்தார். பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... மல்லாட்டேவா? அதனாலதான் வாத்தியார் மயங்கி விழுறாரா? ரயில்ல அவருதான சொல்லிக் குடுத்திருப்பாரு? ஐயோ, முன்னாடி ரீல்ல அவளுக்கு ஊர்ப் பேச்சு வரலைன்னு திட்டுவாரே, அது இதுக்குத்தானா!"

"இதுக்குத்தான்."

"இந்த சீனை வெட்டிடுவேன்னு நானா சொன்னேன்?"

"நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் தம்பி, தட்டச்சுப் பிரதியையும் சேர்த்து வெளியிடறதா சொன்னீங்களே, அதுல அடிக்குறிப்பு ஒண்ணு போடணும். நான் எழுதித் தர்றேன்."

"எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதுங்க மேடம்."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதன்கிழமை முதல் நாக்கின் நுனியில் வைத்திருந்ததை அண்ணியிடம் கேட்டேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் என் கணவர் தொண்டையில் குழாய் இருந்தது. குரல் இல்லை. என்னைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணியும் அப்போது கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"அவர் என்ன சொன்னாரு அண்ணி?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியலையா? நீதான் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கினு இருந்தியே."

"தெரியல."

"என் கண்ணாடியத் தொடைச்சிப் போட்டு வுடு, உன் மூஞ்சில கீறல் கீறலாத் தெரியுதுன்னான். ரெண்டு நாளா அதையேதான் சொல்லிக்கினு இருந்தான். நீ தலைய ஆட்டற, தொடைக்கல. மறுபடி சொல்றான், மறுபடி ஆட்டற. அப்புறம் நான்தான் எடுத்து முந்தானையில தொடைச்சி மாட்டி வுட்டேன்."

"மாட்டினப்புறம்?"

"'இப்ப பிரின்ட் நல்லாருக்குது'ன்னான்."

நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். கொஞ்ச நேரம் அழவும் செய்தோம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய் முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு மணிக்கு அனுப்பிவைத்தேன். மணிமாறன் கேட்டது மதியத்துக்குள். இரண்டு மணியும் மதியம்தான்.

நாலு மாதம் கழித்துத் தட்டு வந்தது. அட்டையில் அவர் பெயரும் என் பெயரும். அதற்குக் கீழே, 'உதடு வாசிப்பு: சவுரியம்மாள், திண்டிவனம்'. அண்ணி வீட்டில் ப்ளூ-ரே ஓட்டும் பெட்டி கிடையாது. லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு மில்லுக்கே போனேன். சாப்பாட்டு நேரத்தில் காட்டலாம் என்று மேஸ்திரி தாண்டவராயன் சொல்லியிருந்தார். நான் போனபோது மெஷின் இன்னும் நிற்கவில்லை. தரையே அதிர்ந்தது. வாசலில் மல்லாட்டைத் தொலி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"நிக்கட்டும், அப்புறம் போடறேன்" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. அதாவது, எல்லாருக்கும் தெரிந்தது. இப்பவே போடு என்று பதினைந்து வாய்கள் சத்தமில்லாமல் சொல்லின. அண்ணியிடம் பழகிய நாலு மாதத்தில் எனக்கும் அந்த அளவுக்கு வந்திருந்தது.

லேப்டாப்பைச் சாக்கு மூட்டைகளின் மேல் வைத்து ரயிலடிக் காட்சியைத் தட்டிவிட்டேன். நான் மீட்டெடுத்த நாற்பது விநாடியில் ஓர் எழுத்துகூட அங்கே கேட்கவில்லை. நெட்டை பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அம்புஜம் ஒரு நொடி வாயை மூடி, திறந்தாள்.

வாத்தியார் இன்னும் விழவில்லை. அதற்குள் பதினைந்து பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.