ஏழு மணிக்கு மேல் நவமி

ஷூ நாடா அவிழவே இல்லை. அப்பா போட்ட முடிச்சு அப்படி. அவர் ஹால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்க, தரையில் மண்டியிட்டு நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான் நிர்மல்.

"கத்திரி வெச்சு வெட்டிடலாமா?" பக்கத்து ஃபிளாட் சபீனா தயங்கிக் கேட்டாள்.

"வேணாங்க்கா. புது நாடா. ஊருக்குப் போகன்னு நேத்துதான் வாங்கினாரு."

சொல்லிவிட்டு அவனே விழித்தான். இனி எந்த ஊருக்கு?

அப்பா பார்த்தசாரதி பட்டாளத்தில் ஜவான்களுக்குப் பாடம் நடத்தியவர். வெளியே வந்த பிறகு ஆவடியில் பள்ளிக்கூட வாத்தியார். லே, தேஜ்பூர், ஜெய்சல்மர் என்று சுற்றிய கால் ஓய்வு பெற்றும் நிற்கவில்லை. எந்த ரயிலானாலும் விடியும் முன்பே குளித்து, ஷூ மாட்டி, பெட்டியைக் காலருகே வைத்துக் கண்மூடி உட்கார்ந்துவிடுவார். ஆட்டோ வரும்வரை யாரும் எழுப்பக் கூடாது. பட்டாளத்துப் பழக்கம்.

இன்று குவாஹாட்டி வண்டி. அதனால்தான் யாரும் எழுப்பவில்லை. ஆட்டோக்காரர்தான் வந்து தோளைத் தொட்டார். தலை சரிந்தது.

தெருமுனை டாக்டர் கிளம்பும்போது வாசலில் நிர்மலிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "தூக்கத்துலயே போயிருக்காரு. விடியறதுக்கு முன்னாடியே."

உள்ளே அம்மா கஸ்தூரி அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலைல ஏழரை மணிக்கு நல்லா திட்டினேன். இந்த வயசுல அஸ்ஸாம் எதுக்கு, எங்கயாவது போய்த் தொலைங்கன்னேன். வாயே தொறக்கல மனுஷன். காபியை ஸ்டூல்ல டொக்குனு வெச்சுட்டு உள்ள போயிட்டேன். வந்து பாத்தா டம்ளர் காலி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காம குடிச்சிருக்காரு பாருங்க. குடிச்சுட்டுத்தான் போயிருக்காரு."

அந்தக் காபியைக் குடித்தது நிர்மல். அப்பா இப்போதைக்குக் கண் திறக்கமாட்டார், வீணாக ஆறுகிறதே என்று, அவர் பக்கத்திலேயே நின்று, செல்போனைப் பார்த்துக்கொண்டு ஒரே மடக்கில். காலி டம்ளரை அதே ஸ்டூலில் வைத்துவிட்டு தன் அறைக்குப் போய் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டான்.

சேக்காட்டிலிருந்து ஓடி வந்திருந்த நடேசன், அப்பாவின் பட்டாளத்துச் சிநேகிதர், போனைக் கையால் பொத்திக்கொண்டு அருகில் வந்தார்.

"நைனா, ஐயரு லைன்ல கீறாரு. உயிர் போன டைம் இன்னா? ஏழு மணி வரிக்கும் அஷ்டமியாம், அதுக்கு மேல நவமியாம். டாக்டரு இன்னா சொன்னாரு?"

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கரீட்டா சொல்லு நைனா. வருசா வருசம் நீதான் திதி குடுக்கணும். எனுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்குடுத்த மனுசன். அவருக்குப் போயி தப்பு திதி குட்த்துறக் கூடாது."

நிர்மல் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அரை மார்க் தப்பாகக் கூட்டியிருந்தாலும் மாணவனைத் திரும்பக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுக்கிறவர். இமை மூடியிருந்தது.

"எட்டு மணி இருக்கும், மாமா" என்றான். "காபி குடிச்சப்புறம்."

"அப்போ நவமி" என்று போனில் சொல்லிக்கொண்டே பால்கனிக்கு நகர்ந்தார் நடேசன்.

அம்மா சுவரில் சாய்ந்தாள். காலையிலிருந்து அடைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது.

ஒரு வழியாக வலது காலின் முடிச்சு இளகியது. ஷூவை மெல்ல உருவிப் பெட்டியின் அருகே வைத்தான். இந்த வீட்டில் இன்று அடுப்பு எரியாது என்பதால் சபீனா தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து பேப்பர் கப்பில் ஊற்றி நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

"குடிடா" என்றாள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "காலைல அவருக்கு மட்டும் போட்டேன். உனக்குக் குடுக்கவே மறந்துட்டேன் பாரு."

நிர்மல் கப்பை வாங்கிக்கொண்டான். இடது காலின் முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபடி அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த காபியில் மெல்ல ஆடை படிந்தது.