நகர்ந்த பூஜ்ஜியம்

1

திருவனந்தபுரத்துக் கரமனையில் பஸ்ஸுக்கு நின்றபோது மாடி ஜன்னலிலிருந்து விழுந்த ஒரு கத்தலில் பிறந்தது இந்தக் கதை. "வீட்டை யாரு நகர்த்தினது?" வீட்டை நகர்த்துவதாவது! எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல்.

2

திவ்யலட்சுமி கணினியில் வீட்டு வரைபடம் போடுகிறவள். [அவள் கண்கள் அன்று ஏனோ… வேண்டாம், அடித்துவிட்டேன்.] போன வாரம்வரை அவள் வரைந்த வீடு மனைக்குள் அடக்கமாகத்தான் இருந்தது. கூட வேலைசெய்யும் சத்தியதாஸின் மனைப் படத்தோடு முதலாளி பஞ்சாபகேசன் அதைச் சேர்த்து அனுப்பிய பிறகு, பக்கத்து மதிலில் போய் ஒட்டிக்கொண்டது. அஸ்திவாரக் குழியும் தோண்டியாயிற்று. மதிலில் விரிசல் விட்டுவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும். அந்த ஆள் நாளைலேர்ந்து வரவேண்டாம்" என்றுவிட்டார் முதலாளி.

3

சத்தியதாஸ்தான். வேறு யார்? அவள் நாற்காலிமேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். (எனக்கும் சந்தேகம் அவன்மேல்தான். தேவைக்குமேல் சிரிக்கிறான்.)

"என் படத்தைத் தொட்டியா?"

"அய்யோ, இல்ல சேச்சி! நீங்க என் படத்தை மாத்திட்டீங்கன்னுல்லா நான் நினைச்சேன், கேட்டோ."

அடப்பாவி, இவனும் இவளைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறான்!

4

இரண்டு படங்களையும் தனித்தனியே திறந்தாள். எல்லா அளவும் தொடங்கும் புள்ளி பூஜ்ஜியம். போன வாரம், பூஜ்ஜியம் படத்தைவிட்டு வெகுதூரத்தில் கிடப்பதால் கோடுகள் திரையில் நடுங்குகின்றன என்று இருவரும் புலம்பியபோது, முதலாளி சொன்ன வைத்தியம் ஒரே வரி: "பூஜ்ஜியத்தைக் கன்னிமூலைல வையுங்கோ."

கன்னிமூலை என்றால் தென்மேற்கு. இந்த ஊரில் அதைத் தெரியாதவர் கிடையாது. அவன் வைத்தது மனையின் கன்னிமூலையில். அவள் வைத்தது வீட்டின் கன்னிமூலையில். சேர்த்தபோது இரண்டு பூஜ்ஜியமும் ஒன்றாகி, மூலையோடு மூலை ஒட்டிக்கொண்டது.

சே, இவ்வளவுதானா! அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

"அப்போ தப்பு ஆருடெ சேச்சி?" என்றான். இப்போது சிரிப்பில்லை.

5

முடிவு ஒன்று: "சார், எந்தக் கன்னிமூலைன்னு நீங்க சொல்லல" என்கிறாள். அவர் வெட்கப்பட்டு… [நம்பும்படியாக இல்லை.]

முடிவு இரண்டு: மனைப் படம்தான் பிசகு என்கிறாள். அவள் தப்பிக்கிறாள். [இதுதான் நம்பும்படியாக இருக்கிறது.]

பஞ்சாபகேசன் கதவைத் திறந்து, "யாரு?" என்கிறார். சத்தியதாஸ் அவள் வாயையே பார்க்கிறான்.

எனக்குத் துணிவில்லை, பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். முதலாளியின் பெயரைச் சொல்வதானால், அவளுக்கு நாளைக்கு வேறு வேலையும் நீங்கள்தான் பார்த்துத் தரவேண்டும்.