நாத்தனார் குரல்

"பொம்பள சிரிச்சா பல்லு தெரியலாம்க்கா, சத்தம் கேக்கக் கூடாது" என்றாள் லோஷினி.

செல்வராணிக்கு எரிச்சல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பத்தாறு வயதில், ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில், முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டீர்களா இந்தக் கூத்தை! செனாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் அவள். "ஓரம் போ!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் வண்டிக்கு ஹார்ன் வேண்டியதில்லை.

இருவரும் திருநங்கைகள்தான். செல்வராணி சேலை கட்டத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவள் லோஷினி. ஆனால் பேச்சு விஷயத்தில் அவள்தான் தலைமையாசிரியை. தொலைவில் பொந்தியானிலிருந்துகூடக் குரலுக்கென்றே அவளுடைய அழகு நிலையத்தைத் தேடி வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கீச்சுக் குரலோடு திரும்பிப் போவார்கள். ஒரு பேச்சுக்கு நாலு "சாரி", வாக்கியம் முடிகிற இடத்திலெல்லாம் ஒரு "இல்லைங்களா?", வாயைப் பொத்தி ஒரு சிரிப்பு. வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடக் கூடாதாம். "பரவால்லங்க, இருக்கட்டுங்க" என்று இழுக்க வேண்டுமாம்.

"எந்தப் பொம்பளடி இப்படிப் பேசுறா?" என்று செல்வராணி பொரிந்தாள். "பசார்ல மீன்காரம்மா பேசுறாங்களா? எங்க சூப்பர்வைசர் பேசுதா? நீ சீரியல்ல பாத்துக் கத்துக்கிட்டு வந்து என் உயிர எடுக்குற."

"அவங்க எப்படி வேணாலும் கத்தலாம்க்கா. அவங்கள எவனும் ஒத்துப் பாக்க மாட்டான். நாம வாயத் தொறந்தாத்தான் எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க. ம்... மறுபடி சொல்லுங்க. சாரிங்க, நான் இங்க உக்காரலாங்களா?"

"சாரிங்க" என்று செல்வராணி கீச்சினாள். தன் குரலைக் கேட்டுத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

தூ என்று எழுந்து போயிருப்பாள். போக முடியாமல் அவளைக் கட்டிப்போட்டது ஒரு முடிச்சு. தம்பி வசந்தனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சையும் அவனோடு பிறந்தவள் போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மா போன பிறகு சோறு ஊட்டி, பள்ளிக்கூடச் சட்டை தேய்த்துக் கொடுத்து வளர்த்த தம்பி. நாத்தனார் முடிச்சுப் போட வாங்க என்று மேடையில் கூப்பிட்டு, அவள் எழுந்து நடந்து போகிற அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் எத்தனையோ ஆண்டு காத்திருந்தாள். அவள் யார் என்று சபையில் அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லிவிட முடியாது.

பெண் வீடு குளுவாங்கில். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த சிலோன் குடும்பம். பெண் சாந்தினி தங்கமானவள். அவளுடைய அம்மா சுபத்திரா அம்மையார்தான் தராசும் கையுமாக இருந்தார். செல்வராணியை அவர் பார்த்ததுகூடக் கிடையாது. வசந்தன் வாய்வழியாகச் செய்தி மட்டும் வந்தது. "உங்கள் வழக்கம், செய்யட்டும். ஆனால் ஆம்பிளைக் குரலில் பேசி எங்கட சனத்துக்கு முன்னால மானத்தை வாங்கக் கூடாது. பரிசம் போடுற அன்றைக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுறன்."

தம்பி என்ன செய்திருக்க வேண்டும்? சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்க்கிறவன், நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், "என் அக்கா இப்படித்தான் பேசும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவனோ, "அக்கா, லோஷினியக்காகிட்ட கொஞ்ச நாள் போயிட்டு வாயேன்" என்றான். அதற்காகத்தான் இந்தக் கண்றாவி.

பரிசத்தன்று சுபத்திரா வீட்டுக்கு இரண்டு வண்டியில் போய் இறங்கினார்கள். சீர்த்தட்டுகளை இறக்க வசந்தன் பின்தங்கிவிட, பெண்கள் முன்னால் போனார்கள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கண்ணில் மையோடு செல்வராணி. பக்கத்தில் அங்கம்மா அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. செம்பனைத் தோட்டத்தில் குலை தூக்கித் தூக்கி அகன்ற தோள். ஆட்களை அதட்டி வேலை வாங்கித் தடித்துப்போன குரல். போதாக்குறைக்குத் தைப்பூசத்துக்கு முடி இறக்கியிருந்தார். தலையில் ஒரு விரல்கடை முடிதான் வளர்ந்திருந்தது.

"என்னம்மா, வீடு பெருசாத்தான் இருக்கு! செருப்ப எங்க விடுறது?" என்று அங்கம்மா வாசலிலேயே முழங்கினார்.

சுபத்திரா அம்மையாரின் முகம் சுண்டியது. அத்தையை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செல்வராணி பக்கம் திரும்பினார். செல்வராணி பாடம் ஒப்பித்தாள். "சாரிங்க, வணக்கங்க. நாங்க கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டோம், இல்லைங்களா?"

அம்மையார் மலர்ந்துபோனார். "வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சோபாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அத்தைக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காட்டப்பட்டது. தேநீர் வந்தது. எல்லாருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அத்தைக்கு மட்டும் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற காகிதக் கோப்பை.

"பாத்த உடனேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று அம்மையார் செல்வராணியின் காதில் கிசுகிசுத்தார். "வசந்தனுடைய அக்கா என்று சொல்லுறது இதைத்தானே? சேலை கட்டினா மறைஞ்சிடுமோ? குரல் காட்டிக் கொடுத்திடும். நீங்கள் எவ்வளவு அழகாப் பேசுறீங்கள்! பெண் என்றால் இப்படி இருக்க வேணும். பேசாமல் நீங்களே முடிச்சைப் போட்டு விடுங்கோ. அதைப் பின்னால எங்கயாவது இருத்தி வைப்பம்."

அடக் கொடுமையே! மூன்று பிள்ளை பெற்ற அத்தையை ஆணாக்கிவிட்டு, செல்வராணியை யாரோ சொந்தக்காரப் பெண், பிறவிப் பெண் என்று கையைத் தடவிக்கொண்டிருக்கிறது ஒரு மேதாவி. அவள் ஆசைப்பட்ட முடிச்சு மடியிலேயே வந்து விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கிசுகிசுத்தது அத்தைக்கும் கேட்டிருந்தது. கிசுகிசுவென்று நினைத்துக்கொண்டு ஊருக்கே சொல்கிற வாய் அம்மையாருடையது. அங்கம்மா அத்தை யார் சொல்லையும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் இல்லை. தோட்டத்து மேனேஜரையே மறித்து நின்று ஏசியவர். இப்போது எழப்போகிறார் என்று செல்வராணி நினைத்தாள். அத்தையோ, கைகழுவ எழுந்து போகிறவர் போல வந்து, குனிந்து, அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "பேசாம இருடி. நான் மொட்டச்சி, என்னமோ நெனச்சுட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. நீ முடிச்சப் போடு" என்றார். திரும்பிப் போய் அந்தக் காகிதக் கோப்பைத் தேநீரைச் சத்தமில்லாமல் குடித்தார். அதைப் பார்க்கத்தான் செல்வராணிக்குப் பொறுக்கவில்லை.

வசந்தன் தட்டோடு உள்ளே வந்தான். "தம்பி, உங்கட அக்காவைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்கோ, படம் எடுக்கப் போறம்" என்று அம்மையார் அத்தையைக் கண்ணால் காட்டினார். வசந்தன் அத்தையைப் பார்த்தான். சோபாவில் இருந்த அக்காவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டான்.

அத்தை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

"அத்த, நில்லுங்க!"

கிடங்குக் குரல். சுவரில் மாட்டியிருந்த படங்கள் அதிராததுதான் மிச்சம். புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"அவங்க எங்கத்த. மூணு புள்ள பெத்தவங்க. நான்தான் செல்வராணி, வசந்தனோட அக்கா. இவ்வளவு நேரம் என் கையத்தான் தடவிக்கிட்டு இருந்தீங்க. கொரல வச்சே கண்டுபிடிச்சிருவேன்னீங்களே, கண்டுபிடிச்ச லட்சணத்தப் பாருங்க! முதல்ல எங்கத்தகிட்ட மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் படம் எடுக்கலாம்."

அம்மையார் அவளிடமிருந்து கையை நெருப்பில் பட்டதுபோல் இழுத்துக்கொண்டார். வெட்கப்பட்டாரா? அதெல்லாம் வெட்கம் உள்ளவர்களுக்கு. "அப்ப நடிச்சு எங்களை ஏமாத்தினீங்களோ?" என்று திருப்பிக் கேட்டார். "இந்தக் குரலோட மேடையேறுறதெண்டால் கல்யாணமே வேண்டாம்."

எல்லாரும் வசந்தனைப் பார்த்தார்கள். செல்வராணியும் பார்த்தாள்.

"சாரி ஆன்ட்டி" என்றான் வசந்தன். "அக்கா ஏதோ டென்ஷன்ல... சாரிக்கா. பரவால்ல, நீயும் அத்தையும் கொஞ்ச நேரம் காடியில இருக்கீங்களா?"

முதலில் சாரி, முடிவில் ஒரு கேள்வி, நடுவில் மருந்துக்கும் ஒரு மறுப்பு இல்லை. லோஷினி நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண் பேச்சை இந்த ஆண்பிள்ளைச் சிங்கம் ஒரு வகுப்புக்கும் போகாமல் தப்பில்லாமல் பேசியது. இது பயந்தாங்கொள்ளிப் பேச்சு. இதற்குப் பொம்பளைப் பேச்சு என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் வாயில் மண் விழ!

செல்வராணி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். வந்து இறங்கிய காடிக்குப் போகவில்லை. பெரிய சாலைவரை நடந்து, வாடகை வண்டி பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டிக்குள் அவள் அழுதாள். அத்தை ஏசினார். "அலமாக், கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருந்திருந்தா என்னடி? கையில கெடச்சத விட்டுட்டியே, மட்டி!" ஏசிக்கொண்டே முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு வசந்தன் கூப்பிட்டான். வா என்று சொல்லவில்லை. "நீ வந்தா சந்தோஷம்தான், ஆனா உன் இஷ்டம், இல்லையாக்கா?" என்று இழுத்தான். போகக் கூடாது என்றுதான் செல்வராணி இருந்தாள். "நம்ம வீட்டுக் கல்யாணம். நாம என்ன திருடினோமா, ஒளிஞ்சுக்க?" என்று அத்தைதான் இழுத்துக்கொண்டு போனார். கோயில் மண்டபத்தில் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். ஏன் மேடைக்குப் போகவில்லை என்று சொந்தக்காரர்கள் வந்து கேட்டதற்கெல்லாம் அத்தையே பதில் சொன்னார்.

கெட்டிமேளம் கொட்டியது. வசந்தன் முதல் முடிச்சுப் போட்டான். "மாப்பிள்ளைக்குச் சகோதரி முறை யாரோ, வாங்கோ" என்று ஐயர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

மேடையின் பக்கவாட்டிலிருந்து ரோஜா நிறப் பட்டுச்சேலையில் நெளிந்து நடந்து வந்தாள் லோஷினி.

"சாரிங்க ஐயரே, நான் எந்தப் பக்கம் நிக்கணுங்க?" கீச்சுக் குரல் ஒலிபெருக்கியில் தேனாக ஒழுகியது. சித்தி மகள் என்று சொல்லி வசந்தன்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று பக்கத்து வரிசையில் பேசிக்கொண்டார்கள். தன் அக்காவை மறைக்க அக்காவின் தோழியையே கொண்டுவந்து நிறுத்திவிட்டான், உத்தமபுத்திரன்! லோஷினி நாத்தனார் முடிச்சு இரண்டையும் போட்டாள். செல்வராணிக்கு வயிறு எரிந்தது. வளர்த்த தம்பியின் கல்யாணம், அவள் கைக்கு உரிய கயிறு. பிறகு, குனிந்து தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சுபத்திரா அம்மையாரின் பூரிப்பைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டியது. அந்த நிலையிலும் முட்டியது.

"ஒரு வார்த்த சொல்லுடி. மண்டபமே கவுந்துரும்" என்றார் அத்தை.

"சொன்னா அந்தம்மாவுக்கு என்ன ஆகும்? கொஞ்சம் மூஞ்சி சுருங்கும். அடி முழுக்க லோஷினிக்குத்தான் விழும். விடுங்கத்த."

அம்மையார் விருந்தினரைக் கும்பிட்டுக்கொண்டே அவர்கள் வரிசைக்கு வந்தார். நின்று, "பார்த்தீங்களோ? உண்மையான ஒரு பெண் போட்டால்தான் முடிச்சுக்கே ஒரு லட்சணம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை வாயைத் திறந்தார். செல்வராணி அவர் தொடையில் கிள்ளினாள்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவும் இடத்தில் லோஷினி மட்டும் நின்றிருந்தாள். செல்வராணியைக் கண்டதும் முகம் வெளுத்தது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத தணிந்த குரலில் பேசினாள். அது கீச்சுக் குரல் இல்லை. கனத்த, உடைந்த, அவளுடைய சொந்தக் குரல். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் செல்வராணி அதைக் கேட்டதே இல்லை.

"வசந்தன் வந்து கேட்டப்ப முடியாதுன்னுதான் சொல்லியிருக்கணும்க்கா. வாய் வரல. எங்க வீட்டுல மூணு கல்யாணம் நடந்துச்சு, ஒண்ணுக்கும் என்னக் கூப்பிடல. மேடையில நின்னு யாராச்சும் ஒருத்தராச்சும் என்ன அக்கான்னு... என்னத் திட்டுக்கா. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வந்திருந்ததெல்லாம் செல்வராணிக்கு எங்கோ போய்விட்டது. லோஷினியின் கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. வாசல் பக்கமிருந்து சுபத்திரா அம்மையார் தன் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு, "எங்க நம்மட நாத்தனார்ப் பிள்ளை?" என்று தேடி வருவது கேட்டது.

"முடிச்ச கெட்டியாப் போட்டியா?" என்றாள் செல்வராணி.

"போட்டேன்க்கா. ரெண்டும்."

"சரி. கண்ணத் தொடச்சுக்க. கொரல மாத்து, அந்தம்மா வருது."