ஒன்பது நிமிடமா, பதினொரு நாளா

பதுளை பஜாரில் ஷுக்ரியின் புத்தகக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நோட்டுக் கொப்பிப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கே வாசகர் வட்டம் கூடும். தயானி மூன்று மாதமாக அதற்குப் போய்வருகிறாள். இதுவரை வாயைத் திறந்ததில்லை. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதுளையில் மருந்துக் கடையொன்றில் வேலை செய்பவள். மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வாள், பிறகு ரயிலில் வீடு திரும்புவாள்.

இந்த மாதம் மட்டும் பேசாமல் திரும்புவதில்லை என்று வந்திருந்தாள். எடுத்துக்கொண்ட புத்தகம் அப்படி.

‘நூறாண்டுக் கலம்’ என்ற அந்த விஞ்ஞான நாவல் ஐம்பது வருடத்துக்கு முந்தியது. அச்சில் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் பத்மநாதனிடம் இருந்த ஒரே பிரதியை ஷுக்ரி போட்டோ கொப்பி எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். மூவாயிரம் பேர் ஒரு விண்கலத்தில் வேறொரு கோளுக்குப் போகிறார்கள். வழியில் ஒரு கல் வந்து மோதுகிறது. கீழ்த்தட்டுச் சுவர் பிளந்து காற்று வெளியேறுகிறது. ஒன்பது நிமிடத்துக்குள் நடுக்கதவை அடைத்தால் கலம் தப்பும்; கீழே வேலை செய்யும் முப்பத்தேழு பேர் சாவார்கள். தலைவி இன்மதி கதவை அடைக்கிறாள். அந்த முப்பத்தேழு பேரில் அவளுடைய தம்பியும் ஒருவன். மிச்ச நாவல் முழுக்க அவள்மீது நடக்கும் விசாரணை.

“இதில யோசிக்க என்ன கிடக்கு?” என்றார் பத்மநாதன். “ஒரு பக்கம் முப்பத்தேழு, மற்றப் பக்கம் மூவாயிரம். நான் இதை ஏழு தரம் வாசிச்சிட்டன். ஏழு தரமும் இன்மதிதான் சரி.”

“ஒங்கட கணக்குல மனுசன் இல்ல சேர்,” என்றார் ஷுக்ரி. “அடைச்ச கைதான் பொறகு சாப்பிடவும் போகுது. கதாசிரியர் அதப் பத்தி ஒரு வரி எழுதல்ல. நல்ல கதைதான், ஆனா கல்லு மாதிரிக் கதை.”

“கல்லு மாதிரி இருக்கிறதுதான் அதின்ர அழகு!”

“இன்மதி செஞ்சது தப்பு சேர்!”

தன் குரல்தானா என்று தயானிக்கே சந்தேகமாக இருந்தது. அறையில் இருந்த எட்டுப் பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை, சந்தோஷம்தான்.

“சொல்லும் பிள்ளை. மூவாயிரம் பேரும் சாகட்டுமோ?”

“சாகக் கூடாது சேர்.”

“அப்ப கதவைப் பூட்டத்தானே வேணும்?”

“பூட்டத்தான் வேணும்…”

“பிறகு எங்க பிழை?”

தயானி கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிழை இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட, காதெல்லாம் சூடேறப் படியிறங்கி ஓடினாள்.

பெட்டியில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் கிடைத்த அரை இடத்தில் நெருக்கி உட்கார்ந்து, நாவலின் கொப்பித் தாள்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“என்ன புள்ள, பரீட்சையா?”

“இல்லக்கா, சண்டை.”

அந்தப் பெண்ணின் பெயர் இராசமணி. தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மகளுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருக்க, பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். “சண்டன்னா சொல்லு, கேப்போம்,” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

தயானி சொன்னாள். முதலில் தயக்கத்தோடுதான். கல் மோதும் இடம் வந்ததும் குரல் உயர்ந்தது. நடுக்கதவு இறங்கும்போது இரண்டு கைகளையும் மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினாள். ஹாலி எலை ஸ்டேஷன் வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடலை விற்க வந்தவர் கூடையை இடுப்பில் அணைத்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

“அடைச்சது சரிங்க,” என்றார் கடலைக்காரர். “தம்பின்னு பாத்தா கப்பலே போயிரும்.”

“அவ ஒரு பொம்பளயா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “தானும் உள்ள போய் நின்னு அடைச்சிருக்கலாமே!”

“அப்ப கப்பல யாரு ஓட்டுறது?”

தயானி தலையைத் திருப்பித் திருப்பிப் பதில் சொன்னாள். மாடி அறையில் வராத பேச்சு இங்கே தானாக வந்தது. இராசமணி மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கல்லு எத்தன பெருசு?” என்று திடீரென்று கேட்டாள்.

தயானி பார்த்தாள். “கைப்பிடி அளவுன்னு போட்டிருக்கு.”

“கைப்பிடிக் கல்லுக்கு நல்ல செவுரு விழுமா?” இராசமணி முன்னால் குனிந்தாள். “எங்க தோட்டத்து லயத்துல மூல வீட்டுச் செவுரு சரிஞ்சப்ப எல்லாரும் மழயத்தான் சொன்னாங்க. ரெண்டு மாசம் முந்தியே அந்த வெடிப்புல நான் விரல விட்டுக் காட்டினேன். கப்பல்ல கீழ இருந்தவங்களுக்குத் தெரியாம இருக்குமா? யார்கிட்டயாச்சும் சொல்லியிருப்பாங்க. நல்லாப் பாரு.”

தயானி தாள்களைப் பின்னுக்குப் புரட்டினாள். விசாரணைப் பகுதியில், கலத்தின் பதிவேடு என்று பொடி எழுத்தில் மூன்று பக்கம் இருந்தது. தண்ணீர் அளவு, விளக்கு மாற்றியது, விதைப் பெட்டி எண்ணிக்கை. அவளும் அதைத் தாண்டித்தான் போயிருந்தாள். இப்போது விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். அறுபத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது.

‘கீழ்த்தட்டுச் சுவரில் முறியும் சத்தம். தொழிலாளர் முறைப்பாடு, மூன்றாவது தடவை. அடுத்த வருடப் பழுதுபார்ப்புக்கு ஒத்திவைக்கப்பட்டது. பார்த்தேன்: இன்மதி.’

திகதியைப் பார்த்தாள். கல் மோதியதற்குப் பதினொரு நாள் முந்தி.

“அக்கா! இருக்கு! சொல்லியிருக்காங்க!”

அவள் அதை உரக்க வாசித்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கடலைக்காரர், “அப்படின்னா நான் சொன்னத வாபஸ் வாங்குறேன்,” என்றார். இராசமணி ஆச்சரியப்படவில்லை. “பின்ன?” என்றாள், அவ்வளவுதான்.

தயானி போனை எடுத்தாள்.

“சேர், அறுபத்தோராம் பக்கம்!”

“என்ன பிள்ளை? அங்க பதிவேடெல்லோ கிடக்கு? நான் அதை வாசிக்கிறேல்ல.”

“ஏழு தரம் வாசிச்சேன்னு சொன்னீங்களே!”

“ஏழு தரமும் அதைத் தாண்டினனான். கொஞ்சம் பொறும், எடுக்கிறன்…”

ரயில் மலைக்குள் குகைப் பாதையில் நுழைந்தது. போன் செத்துப்போனது. தலைக்கு நேர் மேலே தெமோதரை ஸ்டேஷன். மலையைச் சுற்றி ஏறித்தான் அங்கே போகவேண்டும். அந்தச் சுற்று முடிவதற்குள் தயானி போன் திரையை இருபது தடவை பார்த்திருப்பாள். வெளிச்சத்துக்கு வந்ததும் அது அடித்தது.

“பாத்திட்டன் பிள்ளை!” பத்மநாதனுக்கு மூச்சு வாங்கியது. “முப்பது வருஷமா என்ர அலுமாரியில கிடந்த புத்தகம்! ஆனா ஒண்டு, கதவைப் பூட்டினது அப்பவும் சரிதான்.”

“சரிதான் சேர்! அந்த ஒன்பது நிமிஷம் சரிதான். அதுக்கு முந்தின பதினொரு நாள்தான் தப்பு. இன்மதிகிட்ட யாருமே அதக் கேக்கல. நாமளும் கேக்கல.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“ஓம்,” என்றார் மெல்ல. பிறகு குரல் மறுபடி எழுந்தது. “எழுதினவன் வேணுமெண்டுதான் அதை ஒளிச்சு வச்சிருக்கிறான், கண்டீரோ? என்ன கெட்டிக்காரன்!”

“இல்ல சேர், ஒளிச்சு வைக்கல. அவருக்கே அது பெருசாத் தெரியல. பெருசாத் தெரிஞ்சிருந்தா பொடி எழுத்துல போடுவாரா?”

“அதெப்பிடிச் சொல்லுவீர்? ஆதாரம்?”

“தேடித் தர்றேன்!”

ரயில் நின்றிருந்தது. “எறங்கு புள்ள, எறங்கு!” என்று இராசமணி அவள் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். இருவரும் மேடையில் குதிக்கவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது. ஜன்னலில் கடலைக்காரரின் தலை தெரிந்தது. “அந்தப் பொம்பளைக்கு என்ன தண்டனங்க குடுத்தாங்க?” என்று கத்தினார்.

“விடுதலை!” என்று தயானி கத்தினாள்.

“அநியாயம்!” என்றபடியே அவர் அடுத்த ஸ்டேஷனான எல்லப் பக்கம் போனார்.

போனில் பத்மநாதன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம்வரை பொறுக்க முடியாது, ஷுக்ரியிடம் சொல்லி வருகிற ஞாயிறே கூட்டம் போடச் சொல்கிறேன் என்றார். “அந்தக் கேள்வியைக் கேட்ட மனுஷியையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

தயானி போனைக் கையால் மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். இராசமணி நெற்றியைச் சுருக்கினாள்.

“வர்றேன். ஆனா அந்தத் தாளக் குடு, நான் மொதல்ல இருந்து வாசிக்கணும். விடுதலைன்னா சொன்ன?” கொப்பித் தாள்களை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “அத நான் ஒத்துக்க மாட்டேன்.”