டிரம்காரர் எந்தத் தளத்தில்?

மிஷ்கோல்ட்ஸ் நகரில் எங்கள் மாலைப் பள்ளியின் செவ்வாய்க்கிழமை இடைவேளை புதிருக்கு உரியது. போன வாரப் புதிரை முதலில் விடுவித்தவர் இந்த வாரம் கரும்பலகையில் புதிதாக ஒன்று எழுத வேண்டும். விடையை யாரும் உரக்கச் சொல்லக் கூடாது. புதிர் போட்டவரின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நிம்மதியாக மண்டையை உடைத்துக்கொள்ளலாம். இன்று என் முறை.

இறுதித் தேர்வு விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எனக்குக் கணக்கு வருமா என்று மூன்று வாரமாகச் சந்தேகம். போன வாரம் ஜெயித்ததும் குருட்டு அதிர்ஷ்டம்தான். ஆகவே ஒரு முடிவு செய்திருந்தேன்: நானே அமைத்த புதிர் பிசகில்லாமல் நின்றால் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் படிப்பை நிறுத்திவிடுவேன்.

எழுதினேன்: மூன்று தளங்கள், தளத்துக்கு ஒருவர். ரொட்டிக்காரர் டிரம்காரரைவிட மேலே இருக்கிறார். நாய்க்காரர் மேல்தளத்தில் இல்லை. டிரம்காரர் எந்தத் தளத்தில்?

டிராம் ஓட்டும் பெர்தலான் வாய் நிறைய பொகாச்சா ரொட்டியோடு வந்து காதில் சொன்னார். "நடுவுல."

"சரிண்ணே."

அடுத்து சலவைக்கடை எமொகே அக்கா. "கீழ்த்தளம்."

"இல்லக்கா, தப்பு."

"என் மண்டையில என்னதான் இருக்கோ!" அவள் தன் நோட்டில் பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதைச் சரிபார்த்தேன். எந்த விதியும் மீறப்படவில்லை. என் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது விதி அதில் இருந்தது: டிரம்காரருக்குக் கீழேயும் ஒருவர் இருக்கிறார். பலகையில் அதை எழுதவே இல்லை.

இரண்டு விடைகளும் என் காதுக்கு மட்டுமே தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எமொகே இரண்டாம் முறையும் அழிக்கத் தொடங்கினாள்.

எழுந்துவிட்டேன். "நிறுத்துங்க. அக்கா சொன்னதும் சரிதான். நான் ஒரு வரிய எழுத விட்டுட்டேன்."

"அப்ப நான் ஜெயிக்கலையா?" என்றார் பெர்தலான்.

"பாதி ஜெயிச்சீங்க. மிச்சப் பொகாச்சாவ இங்க தள்ளுங்க," என்ற எமொகே என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி பிரோஷ்கா, தாள்ல ஓட்ட விழுந்தப்புறமா சொல்லுவ?"

"சரி, ரெண்டே விடைதானா? மூணாவது இருந்தா?" என்று பெர்தலான் கேட்டார்.

எல்லோரும் பலகைக்குப் போனோம். ஆறு அடுக்குமுறைகளையும் எழுதினோம், நான்கை அடித்தோம். இரண்டேதான். விடுபட்ட வரியைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாத! நாங்களே போட்டுக்கறோம்," என்ற எமொகே சாக்பீஸைப் பிடுங்கி எழுதினாள்: டிரம் அடித்தால் நாய்க்காரர் வீட்டுக் கூரை விளக்கு ஆடும்.

ஒரே விடை. நடுத்தளம்.

"உன்னுது இத விட நல்லா இருந்துச்சா?" என்றார் பெர்தலான்.

"இல்லண்ணே," என்றேன். பொய்யில்லை.

என் முடிவின்படி நான் படிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தவறைச் சொன்ன பிறகும் யாரும் என்னைப் பலகையிலிருந்து விலக்கவில்லை. புதிரைத்தான் இழுத்துப் போட்டுச் சரிசெய்தார்கள். எமொகே அடுத்த செவ்வாய்க்கு இப்போதே என்னிடம் சவால் விட்டிருக்கிறாள். அதற்கு நான் வகுப்பில் இருந்தாக வேண்டும். மணி அடிப்பதற்குள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. நேரில் சொன்னால் கேலி செய்வார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.