வேதநாயகியின் முறை

ஆராய்ச்சிக்கூடத்தில் கணினி ஒன்றுதான். எல்லாத் துறைக்காரர்களும் ஆளுக்கொரு டெலிடைப் தட்டச்சுப் பொறியில் உட்கார்ந்து அதன் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நினைவகத்தில் இடம் போதாவிட்டால், முறை வராத வேலைகளை அது காந்த உருளை என்ற சேமிப்பகத்துக்குத் தள்ளிவிடும். முறை வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வேலையோடு ஆளையும் சேர்த்துத் தள்ளியது. யாரும் குறை சொல்லவில்லை. உருளைக்குள் நல்ல குளிர்ச்சி என்றார்கள்.

தனுஷ்கோடி காலையில் உருளைக்குள் போனார். மதியமாகியும் திரும்பவில்லை. பக்கத்து டெலிடைப்பில் வேலை செய்த வேதநாயகிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்தாள். அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது.

அவள் இயந்திர அறைக்கு ஓடினாள். ஆபரேட்டர் ஜெபமணி டேப் மாட்டிக்கொண்டிருந்தார்.

“தனுஷ்கோடி சாரை வெளிய எடுங்க. அவர் வீட்டம்மாவுக்குப் பிரசவம்.”

“முறை வரணும் மேடம்.”

“எப்ப வரும்?”

“கேட்டேன். யோசிக்குது.”

“நான் போய்ப் பாக்கலாமா?”

“செருப்பைக் கழட்டிட்டுப் போங்க. தூசி ஆகாது.”

உருளை, அலமாரிகளுக்குப் பின்னால் இருந்தது. நடக்க நடக்க அலமாரிகள் கூடிக்கொண்டே போயின. வேதநாயகிக்குக் கால் கடுத்தது. ஒருவழியாகக் கடைசிக் கதவைத் திறந்தாள். குளிர்காற்று பட்டுத் தும்மினாள். இருட்டில் தனுஷ்கோடி சம்மணம் போட்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என் முறையா?”

“இல்ல சார். உங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகுது.”

அவர் எழப் பார்த்தார். முடியவில்லை.

“முறை இல்லாம எந்திரிக்க விடமாட்டேங்குது மேடம்.”

அன்று அடுத்த முறை வேதநாயகிக்குத்தான் இருந்தது. பருவமழைக் கணக்கு. அதற்காக அவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள். இதை விட்டால், விடை வருவதற்குள் மழையே நின்றுவிடும். அவள் கதவை விட்டு உள்ளே வந்தாள்.

“என் முறையை எடுத்துக்கிட்டுப் போங்க.”

“உங்க மழை?”

“அது பாட்டுக்குப் பெய்யட்டும். கிளம்புங்க சார்.”

தனுஷ்கோடி சுலபமாக எழுந்து ஓடினார். வேதநாயகி அவர் இடத்தில் உட்கார்ந்தாள். உருளை அவளைச் சுழற்றத் தொடங்கியது.

“தள்ளி உட்காரட்டுமா?” என்று இருட்டில் யாரோ கேட்டார். குரலை வைத்துப் பார்த்தால் இயற்பியல் துறைக்காரர்.

“வேண்டாம். இடம் இருக்கு.”

எவ்வளவு நேரம் போனதோ, வெளியே டெலிடைப் தடதடத்தது. அதற்குத் தமிழ் எழுத்தே கிடையாது. ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த தனுஷ்கோடி தமிழில்தான் அடித்தார். அடித்தது உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

‘பெண் குழந்தை. ரெண்டு பேரும் சுகம். உங்க நேரத்துல பிறந்ததால, உங்கள மாதிரியே தும்முது.’

அந்தக் குளிரில் வேதநாயகிக்கும் மறுபடி தும்மல் வந்தது.

“நூறு வயசு!” என்றார்கள், இருட்டில் சுற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும்.